படத்துக்கு விழுந்த மாலை

தன் படத்துக்கு மாலை விழுந்தபோது செல்லசாமி முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணுவுக்கு வயிறு எரிந்ததே அதனால்தான். மாலை போட்ட பெரிய மனிதரை விட்டுவிடலாம். அவர் எந்த ஊரோ, அடுத்து எந்தக் கூட்டத்துக்கு ஓட வேண்டியிருந்ததோ. கட்டின புருசன், தன் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிவதையும் மேலே மாலை தொங்குவதையும் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தால் ஒரு பொம்பளை எங்கே போய் முட்டிக்கொள்வது?

மஸ்கெலியாவுக்கு மேலே அந்தத் தோட்டத்தின் பழைய ஸ்டோர் மூடிப் பல வருசமாகிறது. தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து வாட்டின மேல்மாடியில் வௌவால்தான் குடியிருந்தது. அதைக் கழுவித் துடைத்து, கொழும்பிலிருந்து வந்த கோசலா மிஸ்ஸும் ஹட்டன் தரணிதரன் சேருமாகக் கலை விழா என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்குக் களிமண் வேலை, பொம்பளைகளுக்கு வெள்ளைத் துணியில் சாயம் தோய்த்த இலையை அழுத்தி அச்செடுக்கிற வேலை, இளவட்டங்களுக்குக் கேமரா வகுப்பு. அம்மாக்கண்ணுவின் மகள் தக்ஷிகா தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். அவள் கேமரா வகுப்பில் சேர்ந்து, அப்பாவை எடுத்தாள். ஆயுசு முழுக்க விறகு தள்ளின அந்தப் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில், அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தபடி செல்லசாமி உட்கார்ந்திருக்கிற படம். அதைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, படியேறினதும் கண்ணில் படுகிற சுவரிலே மாட்டினார்கள். பெற்றவளுக்குப் பெருமைதான். இல்லையென்று யார் சொன்னது?

சனிக்கிழமை திறப்பு விழா. பிரதம விருந்தினர் பிந்தித்தான் வந்தார். வந்தவர் கழுத்தில் பெரிய சம்பங்கி மாலையைப் போட்டார்கள். பெரிய மனிதர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு; போட்ட மாலையைப் போட்ட கையோடு கழற்றி வேறு யாருக்காவது போட்டுவிடுவார்கள். அவரும் கழற்றினார், சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே செல்லசாமி, கதவளவுக்கு. கீழே அப்போதுதான் ஏற்றின குத்துவிளக்கு. போய் ஆணியில் மாலையை மாட்டி, கைகூப்பி, கண்ணை மூடி ஒரு நிமிசம் நின்றார். நாற்பது போன்கள் சேர்ந்து படமெடுத்தன.

"ஐயாவோட பணிவப் பாத்தீங்களா!" என்று யாரோ சொன்னார்.

அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் நின்ற மீனம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடி ஆத்தே, உசுரோட இருக்கற மனுசனுக்கு இது என்னடி கூத்து?"

வீட்டுக்கு இறங்குகிற வழி நெடுக அம்மாக்கண்ணு வாயை மூடவில்லை.

"ஏங்க, ஒங்களுக்குச் சூடு சொரணை இருக்கா? மாலை போட்டு வெளக்கும் வச்சிட்டாங்க. இனிமே தேங்கா ஒடச்சித் தூக்குறதுதான் பாக்கி. நீங்க என்னடான்னா கையத் தட்டுறீங்க."

"சும்மா வா புள்ள. எத்தன தொரமாரு வந்தானுங்க, போனானுங்க. ஒருத்தனாவது செல்லசாமி, எப்பிடி இருக்கேன்னு கேட்டிருப்பானா? இன்னைக்கி ஒரு பெரிய மனுசரு எம் படத்தக் கும்புடுறாரு."

"செத்தவன்னு நெனச்சிக் கும்புட்டாரு!"

"சாமி படத்துக்கும்தான் மாலை போடுறாங்க. சாமி என்ன செத்தா போச்சு?"

"ஒங்களச் சாமின்னு நெனச்சித்தான் போட்டாராக்கும்! எலுமிச்சம்பழத்துக்கே வழியில்லாத சாமி! திரும்பிப் போயி அந்த மாலையக் கழட்டச் சொல்லுங்க."

"எனக்கு வந்த மரியாதைய நானே கழட்டணுமா? நல்லா இருக்கே நாயம். வேணும்னா நீ போயிக் கழட்டு."

அவள் எப்படிக் கழற்றுவாள்? புருசன் படத்து மாலையைப் பொண்டாட்டி கையால் தொட்டால் அது இன்னும் வினை. அது தெரிந்துதான் அந்த மனுசன் அப்படிச் சொன்னது. அட்டை கடித்த காலைக்கூடப் பார்க்காமல் அவள் வேகவேகமாகத் தங்கள் வரிசை வீடு இருக்கிற லயத்துக்கு இறங்கினாள்.

இந்த ஆத்திரத்துக்கெல்லாம் அடியில் வேறொரு கவலை கிடந்தது. தக்ஷிகாவுக்கு வருகிற மாசம் கல்யாணம். மாப்பிள்ளை இறம்பொடைப் பக்கம், நல்ல இடம். அவர்கள் நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. பொண்ணுக்குத் தாய்மாமன் முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த ஒன்றை மட்டும்தான் கேட்டார்கள். அம்மாக்கண்ணு சரியென்று தலையாட்டிவிட்டாள். எந்தத் தைரியத்தில் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஏனென்றால் உடப்புசல்லாவையில் இருக்கிற அவள் அண்ணன் பொன்னையா இந்த வாசலை மிதித்து இருபது வருசத்துக்கு மேலாகிறது.

எல்லாம் தக்ஷிகாவின் காதுகுத்தில் வந்த வினை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அன்றைக்குப் பார்த்து அடைமழை. வழியில் மண் சரிந்து பொன்னையாவின் பஸ் நின்றுபோனது. நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுது என்று குதித்த செல்லசாமி, தன் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையைத் தூக்கி வைத்துக் குத்திவிட்டார். குத்தி முடித்துப் பந்தி போட்டபோது, சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, நனைந்த கோழியாகப் பொன்னையா வந்து நின்றார். தட்டை இறக்கவேயில்லை. "செல்லசாமி, இனிமே ஒன் வாசல நான் மிதிச்சா அது ஒன் எழவுக்குத்தான்டா" என்று சொல்லிவிட்டு, வந்த மழையிலேயே திரும்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அண்ணனை அடிக்க ஆளில்லை. இவர்கள் நம்பரிலிருந்து போன் போனால் எடுக்கக்கூட மாட்டார்.

"ஒரு நட போயி, தப்பாப் போச்சு மச்சான்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று புருசனிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள்.

"நல்ல நேரம் நமக்காக நிக்குமா? நான் செஞ்சது சரிதான்" என்பார் அவர். இரண்டும் ஒரே மரத்தில் வெட்டின கட்டை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனி. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் போனுக்குச் சிக்னல் வரும். அங்கே போயிருந்த தக்ஷிகா ஓட்டமாக ஓடிவந்தாள்.

"அம்மா, அப்பா செத்துட்டாங்கன்னு போட்டிருக்காங்க!"

"எந்தக் கட்டையில போறவன்டி போட்டது?"

"செத்துட்டாங்கன்னு யாரும் எழுதலம்மா. மாலையும் வெளக்குமா இருக்கற படத்த விழாக்காரங்க பேஸ்புக்குல போட்டிருக்காங்க. அதுக்குக் கீழ எல்லாரும் ஆழ்ந்த அனுதாபம், ஆழ்ந்த அனுதாபம்னு போடுறாங்க. ஒருத்தரு அடக்கம் எப்பன்னு கேக்குறாரு."

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்த செல்லசாமி கண்ணாடியை இறக்கினார். "எத்தன பேரு எழுதியிருக்காங்க?"

"முந்நூறு பேருக்கு மேலப்பா."

"அம்புட்டுப் பேரா!" பாதிக் கன்னத்தில் நுரையோடு அவர் மகளைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தோசம். "பாரேன், எம் மேல இம்புட்டுப் பாசமா இருந்திருக்கானுங்க."

அம்மாக்கண்ணுவுக்குக் கையிலிருந்த ரொட்டிமாவைத் தூக்கி அவர் மூஞ்சியில் அப்பலாமா என்றிருந்தது. தக்ஷிகா அடுத்துச் சொன்னதில் அவள் கை அப்படியே நின்றது.

"மாமா மவன் சுமனும் போட்டிருக்கான்ம்மா. கைகூப்புற பொம்ம. அழுவுற பொம்ம. நேத்து ராத்திரியே."

"அப்ப ஒங்க மாமனுக்குத் தெரியுமா? போன் போடுடி!"

"போட்டுப் பாத்தேன். சுமனோட போன் வேல செய்யல."

அம்மாக்கண்ணு மாவை மூடிவைத்துவிட்டு, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஸ்டோருக்கு ஏறினாள். அங்கே கூரை ஒழுகி, கோசலா மிஸ் சட்டியும் வாளியுமாகப் படங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்.

"மிஸ், எங்க வீட்டுக்காரரு படத்துல இருக்கற மாலையக் கழட்டிருங்க."

"ஏன் அக்கா? மாலையோட பாக்கும்போதுதான் அந்தப் படம் இன்னும் மனசத் தொடுது. நேற்று வந்தவங்க அதுக்கு முன்னாலதான் நின்னு அழுதாங்க."

"செத்தவன்னு நெனச்சா அழாம என்ன செய்வாங்க? எங்க ஆளுக உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போட மாட்டோம் மிஸ். ஊரு பூரா எழவு சொல்லியாச்சு!"

அந்தப் பிள்ளை நெஞ்சில் கைவைத்துக்கொண்டது. "ஐயோ! எங்க வீட்டிலயும் அப்படித்தான் அக்கா. இந்த அவசரத்துல எனக்குத் தோணவே இல்ல. இப்பவே கழட்டிரலாம். தரணி அண்ணாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டு..."

தரணிதரன் சேர் கீழே குடைக்குள் நின்று யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கிற வரை அம்மாக்கண்ணு நனைந்துகொண்டு நின்றாள்.

"கழட்டலாம்தான் அம்மா. ஆனா அது ஐயா போட்ட மாலை. பின்னேரம் ஐயாட ஆக்கள் வீடியோ எடுக்க வாறாங்க. மாலை இல்லையெண்டா குறையாப் போகும். நாளைக்குக் கழட்டிரலாம். இல்லாட்டி நீங்க தோட்டத்துத் தலைவர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

தலைவர் வீடு மேட்டு லயத்தில். ஏறிப்போனாள். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "அது விழாக்காரங்க விசயம் தங்கச்சி, நான் எப்பிடிக் கை வக்கிறது?" என்றார்.

"மாலை போட ஒருத்தர் போதும். கழட்டத்தான் ஊரக் கூட்டணும் போல" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள். வரும்போது, ஆகிறது ஆகட்டும், இந்தப் பாழாய்ப்போன கலையும் வேண்டாம் கத்தரிக்காயும் வேண்டாம் என்று அழுகையாக வந்தது. அழுதால் அதையும் பார்த்து நாலு பேர் எழவு என்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குத் தேங்காய்ப்பூப் போட்ட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். செல்லசாமி இஸ்தோப்பில் சம்மணம் போட்டு, இரண்டாவது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளையார் கோயில் திருப்பத்தில் பனிக்குள்ளிருந்து ஒப்பாரி கிளம்பியது.

"நெல்லு வெளஞ்ச சீமையெல்லாம் நீ நடந்து பாக்கலியே... நெடுமூச்சு விட்டதெங்க என்னருமத் தம்பிமாரே..."

செல்லசாமி காதைத் தீட்டிக்கொண்டார். "யாரு வீட்டுலடி எழவு? ஒரு பய நமக்குச் சொல்லலியே!"

அம்மாக்கண்ணுவுக்கு அந்தக் குரல் தெரிந்தது. மதினி அழகம்மையின் குரல். அடுப்பங்கரையிலிருந்து அவள் ஓடிவருவதற்குள், தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டே அழகம்மை வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னால் பொன்னையா. நரைத்த தாடி, கறுப்புக் குடை, அக்குளில் இடுக்கின கடைப் பை. இஸ்தோப்பில் ரொட்டியும் கையுமாக இருந்த மனுசனைப் பார்த்ததும் அழகம்மைக்கு ஓங்கின கை மேலேயே நின்றது.

பொன்னையா குடையை மடக்கவும் மறந்து நின்றார். "நீ... சாகலியா?"

செல்லசாமி வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினார். "இல்ல மச்சான்."

லயமே வாசலில் கூடிவிட்டது.

"மஸ்கெலியாவுல பைஸர் நானா கடையில கோடித் துணி எடுத்தேன்" என்று பொன்னையா யாரிடமோ பேசுகிறவர் மாதிரிச் சொன்னார். "யாருக்குங்கன்னாரு. சொன்னேன். நேத்துக் காலையிலகூட வந்து பீடி வாங்கிட்டுப் போனாரேன்னாரு. அப்ப திடீர்ச் சாவுதான்னு நெனச்சேன்." அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "ஏன்டா, என்னைய வரவைக்கிறதுக்கு இப்பிடி ஒரு நாடகமா? பொண்ணு கல்யாணத்துக்கு மாமன் வேணும்னு பொணமா நடிக்கிறியா? த்தூ! அழகம்ம, நட!"

"நான் ஒன்னும் கூப்புடல. போறவுக போகட்டும்" என்றார் செல்லசாமி.

அவ்வளவுதான். அம்மாக்கண்ணுவுக்கு நேற்றிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டது.

"வாய மூடுங்க! ரெண்டு பேரும் வாய மூடுங்க! ஒருத்தரு படத்துக்கு மாலை விழுந்தா இளிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. இன்னொருத்தரு செத்தாத்தான் வருவேன்னு இருவது வருசம் சாவுக்குக் காத்திருக்காரு. நடுவுல நான் ஒருத்தி கெடந்து சாகுறேனே, அது ஒங்க ரெண்டு பேரு கண்ணுக்கும் தெரியலியா? நாடகமாம், நாடகம்! அண்ணே, வா. வந்து ஒங் கண்ணால பாத்துட்டு எங்க வேணும்னாலும் போ!"

அண்ணன் கையை அவள் அப்படிப் பிடித்து இழுத்தது சின்ன வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான். அவர் இழுபட்டுப் போனார். பின்னால் அழகம்மை, தக்ஷிகா, எச்சில் கையோடு செல்லசாமி, அதற்குப் பின்னால் பாதி லயம்.

மேல்மாடியில் பொம்பளைகள் இலை அச்சு வேலையில் இருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். பொன்னையா படியேறி நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். மாலை ஒரு நாளில் வாடி மஞ்சளாகியிருந்தது. விளக்கு எரிந்தது. அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு செல்லசாமி கதவளவுக்கு உட்கார்ந்திருந்தார். அசல் செல்லசாமி படிக்கட்டு ஓரத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

பொன்னையா படத்தோடுதான் பேசினார்.

"நுவரெலியாவுல பஸ் ஏறுனவன் ஹட்டன் வர்ற வரைக்கும் ஒங்கிட்டதான்டா பேசிக்கிட்டு வந்தேன். மண்ணு சரிஞ்சி கெடந்துச்சுடா அன்னைக்கி. சீர்த்தட்டத் தலையில வச்சிக்கிட்டு அந்தச் சேத்துல நடந்தே வந்தேன்டா. கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? மச்சான் வருவான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இதக் கேக்காமலே போயிட்டியேன்னுதான்டா வழி பூரா அழுதேன்." முண்டாசுத் துணியை உருவி முகத்தைத் துடைத்தார். பிறகு கையை நீட்டி மாலையை ஆணியிலிருந்து எடுத்தார்.

தரணிதரன் சேர் பதறிக்கொண்டு வந்தார். "ஐயா, அது பெரிய ஐயா போட்ட..."

"எந்தப் பெரிய ஐயா?" என்றார் பொன்னையா. "நான் இவன் பொண்டாட்டியோட அண்ணன். இவனுக்கு மாலை போட நான் இருக்கேன். கழட்டவும் நான் இருக்கேன்." ஜன்னல் வழியாக மாலையைக் கீழே சாக்கடைக் கானுக்குள் வீசினார். கோசலா மிஸ் குனிந்து விளக்கை அணைத்தார்.

பொன்னையா துணிப் பையை எடுத்துப் பார்த்தார். தங்கச்சிக்கு, புருசனைத் தின்றவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற வெள்ளைக் கோடி. கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது. வீட்டில் வைக்கக் கூடாது. அதை வைத்துக்கொண்டு அவர் திருதிருவென்று விழித்ததைப் பார்க்கத் தங்கச்சிக்குச் சகிக்கவில்லை. பிடுங்கி, அச்சு வேலை நடக்கிற மேசையில் விரித்துப் போட்டாள்.

"மிஸ், இதுல ஒரு நூல் வெள்ள தெரியக் கூடாது. இருக்கற சாயத்தையெல்லாம் அப்புங்க!" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகச் சிவப்புச் சாயத்தில் உள்ளங்கையை முக்கி அதன் நடுவிலே பதித்தாள். பிறகு மீனம்மா, மற்றவர்கள். தக்ஷிகா கேமராவைத் தேடி ஓடினாள்.

சந்தடியில் பொன்னையா படியிறங்கப் போனார். அம்மாக்கண்ணு சிவந்த கையோடு ஓடி, குறுக்கே நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கி என்ன சொல்லிட்டுப் போனே?"

"இவன் எழவுக்குத்தான் வருவேன்னேன்."

"வந்துட்டியா இல்லியா?"

"வந்துட்டேன்."

"கோடி எடுத்தே, மதினி ஒப்பாரி வச்சா, மாலையக் கழட்டுனே. ஒன் சொல்லு தீந்து போச்சு. இதுக்கு மேலயும் ஒனக்கு என்ன வேணும்?"

பொன்னையா அவளைப் பார்க்கவில்லை; அவள் தோளுக்கு மேலாகச் செல்லசாமியைப் பார்த்தார். "எனக்கு அவன் வாயால வரணும்."

எல்லாரும் செல்லசாமியைப் பார்த்தார்கள். நல்ல நேரம் நமக்காக நிற்குமா என்று இந்த மனுசன் இப்போது ஆரம்பித்தால் இந்தப் படியிலிருந்தே தள்ளிவிடுவது என்று அம்மாக்கண்ணு முடிவு கட்டிக்கொண்டாள். அவர் படத்தைப் பார்த்தார், வெறும் ஆணியைப் பார்த்தார்.

"செத்ததுக்கு வந்துட்டே மச்சான்" என்றார். "உசுரோட இருக்கறதுக்கும் ஒரு தடவ வா. இந்தத் தடவ நேரம் போனாப் போகட்டும். நீ வந்தப்பறந்தான் தாலி."

இதைச் சொல்ல இருபது வருசமாடா பாவி என்று அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சுக்குள் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. சாயக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் சிவப்பானது.

"சரி சரி. ரொட்டி ஆறுது. வாங்க ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னாள்.

"எப்பிடிச் சாப்புடுறது?" என்றார் பொன்னையா. முறையில் அவரை அசைக்க முடியாது. "எழவுக்கு வந்தவன் தலைக்கு ஊத்தாம வாயில தண்ணிகூட வைக்கக் கூடாது."

"இந்தக் குளுருலயா? சளி புடிச்சிக்கும் மச்சான்."

"எனக்கு மட்டுமா? மொதல்ல ஒன்னையத்தான் குளிப்பாட்டணும். முறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

மலையிலிருந்து ஐஸ் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரைக்கு அவர் மச்சானைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கிழவன்களும் பீலிக்கடியில் நின்று, ஐயோ ஆத்தா என்று லயமே கேட்கக் கூப்பாடு போட்டார்கள். செத்தவர் கூப்பாடுதான் பெரிதாகக் கேட்டது. ஆளுக்கொரு துவாயைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கண்ணு தூறலில் நின்றாள்.

"போதும், ஏறி வாங்க! நாளைக்கு நெசமாவே மாலை போட வச்சிராதீங்க" என்று கத்தினாள். சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னதற்காகத் தன் வாயிலேயே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டாள்.